வைரஸ் வந்து இருபது வருஷம் கழிச்சு கேன்சர் வருதே, நடுவுல என்ன நடக்குது?

கேன்சர் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டுமான்னு கேட்டா எல்லா டாக்டரும் ஒட்டாதுன்னுதான் சொல்வாங்க. அதே டாக்டரே இன்னொரு நாள் "கர்ப்பப்பை வாய் கேன்சர் வராம இருக்க தடுப்பூசி இருக்கு, பொண்ணுக்கு போட்டுடுங்க"ன்னும் சொல்றாரு. தடுப்பூசின்னா தொத்து நோய்க்குத்தானே போடுவாங்க, அப்போ இது தொத்துதா தொத்தலையா? இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு, கேக்கத் தயங்கிட்டு அப்படியே விட்டுடறாங்க, சிலர் கேன்சர் வந்தவங்களத் தொடவே பயப்படறாங்க, இன்னும் சிலர் தடுப்பூசியே தேவையில்லைன்னு முடிவு பண்ணிடறாங்க. ரெண்டுமே தப்பாப் போயிடுது.

விஷயம் இதுதான். சில கேன்சருக்கு ஒரு வைரஸ்தான் ஆரம்பம், ஒட்டுறது அந்த வைரஸ், கேன்சர் ஒட்டாது. அந்த வைரஸ் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது தானாவே அடங்கிடும், இல்ல வாழ்நாள் பூரா உள்ளயே சும்மா கிடக்கும். கொஞ்சம் பேருக்கு மட்டும், அதுவும் பத்து, இருபது, முப்பது வருஷம் கழிச்சு, அது கேன்சர்ல போய் முடியுது. இந்த நீண்ட இடைவெளிதான் என்னைப் பொறுத்தவரை இதுல முக்கியமான விஷயம். ஏன்னா இன்னிக்கு ஜுரம் வந்து நாளைக்கு கட்டி வந்தா யாரா இருந்தாலும் தொடர்பைக் கண்டுபிடிச்சிருப்பாங்க, ஆனா முப்பது வருஷம் முன்னாடி வந்ததே தெரியாத ஒரு தொற்றை யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க? விஞ்ஞானிகளுக்கே இதை நிரூபிக்க அவ்வளவு காலம் ஆனதுக்கு அதுதான் காரணம். நாம குறுக்க புகுந்து தடுக்கறதுக்கு நேரம் கிடைக்கறதும் அதே இடைவெளியிலதான்.

இது ஏதோ அபூர்வமா நடக்கற விஷயம்னு நினைக்க வேண்டாம். 2018ல உலகம் முழுக்க புதுசா வந்த கேன்சர்கள்ல கிட்டத்தட்ட 13 சதவீதம், அதாவது சுமார் 22 லட்சம் பேருக்கு வந்தது, ஏதோ ஒரு தொற்றுனாலன்னு கணக்கு போட்டிருக்காங்க. அதுல 8 லட்சத்துக்கு கொஞ்சம் மேல ஹெலிகோபேக்டர் பைலோரிங்கற வயித்து பாக்டீரியா, அது வைரஸ் கிடையாது, அதனால இங்க அதை விட்டுடறேன். மிச்சத்துல பெரும்பங்கு வைரஸ்தான். கர்ப்பப்பை வாய் கேன்சருக்குக் காரணமான எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) சுமார் 6.9 லட்சம், லிவரைத் தாக்கற ஹெபடைட்டிஸ் பி சுமார் 3.6 லட்சம், ஹெபடைட்டிஸ் சி சுமார் 1.6 லட்சம், அப்புறம் மத்ததெல்லாம்.

முதல்ல இதை ஒருத்தர் காட்டினப்போ யாரும் நம்பல. 1909ல நியூயார்க்ல ராக்பெல்லர் இன்ஸ்டிடியூட்ல இருந்த பெய்டன் ரௌஸ்கிட்ட நெஞ்சுல பெரிய கட்டியோட ஒரு கோழியைக் கொண்டு வந்தாங்க. அவரு அந்தக் கட்டியை அரைச்சு, செல் எதுவும் தாண்டிப் போக முடியாத மாதிரி ரொம்ப நுணுக்கமான ஃபில்டர்ல வடிகட்டி, வந்த தண்ணியை மட்டும் எடுத்து ஆரோக்கியமான கோழிகளுக்கு ஊசி போட்டாரு. அந்தக் கோழிகளுக்கும் கட்டி வந்துச்சு. கேன்சர் செல் ஒண்ணு கூட இல்லாத தண்ணியில இருந்து கேன்சர் வருதுன்னா அதுல செல்லை விட சின்னதா ஏதோ இருக்கணும்ல? 1911ல இதை எழுதினாரு. கோழிக்கு வருது, மனுஷனுக்கு இது எங்க பொருந்தும்னு விட்டுட்டாங்க. அவருக்கு நோபல் பரிசு குடுத்தது 1966ல, அப்போ அவருக்கு வயசு 87. கண்டுபிடிச்சு 55 வருஷம் கழிச்சு.

அந்தக் கோழி வைரஸ்ல இருந்த கேன்சர் ஜீனுக்கு சார்க்னு பேரு. 1976ல மைக்கேல் பிஷப்பும் ஹரால்ட் வார்மஸும் அவங்க டீமும் தேடிப் பாத்தா, அந்த ஜீன் வைரஸோட சொந்த சரக்கே இல்ல, எப்பவோ கோழி செல்லுக்குள்ள போனப்போ அங்க இருந்து தூக்கிட்டு வந்த ஜீன், நம்ம செல்லுலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, செல் வளர வேண்டிய நேரத்துல வளரச் சொல்றது அதோட வேலை. அதாவது கேன்சர்ங்கறது வெளியில இருந்து வந்த ஏதோ வினோதமான விஷம் இல்ல, நம்ம செல்லுக்குள்ள ஏற்கெனவே இருக்கற வளர்ச்சி சாமானை யாரோ ஓயாம முடுக்கி விட்டுட்டா வர்றது. இன்னிக்கு இருக்கற மொத்த கேன்சர் ஆராய்ச்சியிலயும் இந்தப் புரிதலுக்கு பெரிய இடம் இருக்கு, அது வந்ததே ஒரு கோழி வைரஸ்ல இருந்துதான்.

சரி, மனுஷன்கிட்ட வருவோம். எல்லாத்துலயும் தெளிவா புரிஞ்சிருக்கறது எச்பிவி, அதனால அதை கொஞ்சம் கிட்ட போய் பாக்கலாம்.

வைரஸ்னா தனியா ஒண்ணும் பண்ண முடியாத ஜீவன். ஜீவன்னே சொல்லலாமாங்கறதே ஒரு கேள்வி. எச்பிவியோட மொத்த டிஎன்ஏவும் சுமார் 8,000 எழுத்துதான், வட்டமா ஒரு வளையம் மாதிரி. நம்ம செல்லுல ஒரு செட் டிஎன்ஏவுலயே சுமார் 300 கோடி எழுத்து இருக்கு. அந்த 8,000ல தன்னைத்தானே காப்பி எடுக்கற மெஷினை வச்சுக்க அதுக்கு இடமே இல்ல, அதனால நம்ம செல் தன் டிஎன்ஏவை காப்பி எடுக்கறப்போ ஓடற மெஷின்லதான் அதுவும் காப்பி எடுத்தாகணும். இங்கதான் அதுக்கு சிக்கல். கர்ப்பப்பை வாய்ல இருக்கற தோல் மாதிரியான படலம் பல அடுக்கா இருக்கும், அடி அடுக்குல இருக்கற செல் மட்டும்தான் பிரிஞ்சு பெருகும், மேல மேல போகப் போக செல் பிரியறதை நிறுத்திட்டு தட்டையாகி கடைசியில உதிர்ந்துடும். வைரஸ் சின்ன சின்ன காயம் வழியா அடி அடுக்குக்குள்ள புகுந்துடுது, ஆனா அது நிறைய குட்டி போடறது மேல் அடுக்குல, அதாவது மெஷினை ஆஃப் பண்ணி வச்சிருக்கற செல்லுல. அப்போ அது என்ன பண்ணும்? ஆஃப் ஆன மெஷினை மறுபடி ஆன் பண்ணும்.

அதுக்கு அதுகிட்ட ரெண்டு புரதம் இருக்கு, பேரு ஈ6, ஈ7. நம்ம செல்லுல ஆர்பின்னு ஒரு புரதம் இருக்கு, டிஎன்ஏ காப்பி எடுக்கச் சொல்ற இன்னொரு புரதத்தோட கையைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கறது அதோட வேலை. ஈ7 போய் அந்த ஆர்பியை இழுத்துப் போட்டு ஒழிச்சுடுது, பிடி விட்டதும் மெஷின் ஓட ஆரம்பிச்சுடுது. ஆனா செல்லும் லேசுப்பட்டது இல்ல, காரணமே இல்லாம மெஷின் ஓடுதேன்னு கண்டுபிடிக்க பி53ன்னு இன்னொரு காவல் இருக்கு, அது சந்தேகம் வந்தா "நீ இருக்க வேண்டாம்"னு அந்த செல்லையே தற்கொலை பண்ண வச்சுடும். வைரஸ் அதுக்கும் தயாராதான் வருது. செல்லுக்குள்ள வேண்டாத புரதத்தை குப்பையில போடறதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கும், ஈ6 அந்த ஏற்பாட்டையே பிடிச்சு பி53 மேல 'குப்பை'ன்னு முத்திரை குத்தி அதை அழிக்க வச்சுடுது. இப்போ மெஷினும் ஓடுது, காவலும் இல்ல.

இதெல்லாம் வைரஸ் கேன்சர் உண்டாக்கணும்னு பண்றது இல்ல, இதை நான் அழுத்தி சொல்ல விரும்பறேன். அதோட பிழைப்பே இதுதான், காப்பி எடுக்கணும், உதிர்ற செல்லோட சேர்ந்து வெளிய போகணும், அடுத்த ஆளுக்குப் போகணும், அவ்வளவுதான். பெரும்பாலான சமயம் அப்படியே நடந்து முடிஞ்சும் போயிடுது. உடம்போட எதிர்ப்பு சக்தி மெதுவா அடையாளம் கண்டு, பத்துல ஒன்பது பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள அடக்கிடுது, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. மெதுவான்னு ஏன் சொல்றேன்னா இந்த வைரஸ் ரத்தத்துக்கே போறதில்ல, செல்லை வெடிக்க வைக்கறதில்ல, ஜுரம் கிடையாது, வலி கிடையாது, தானா உதிரப் போற செல்லோட சத்தமில்லாம வெளியேறிடுது, அதனால உடம்புக்கு எச்சரிக்கையே சரியா கிடைக்கறதில்ல.

சிக்கல் வர்றது அடங்காம வருஷக்கணக்குல தங்கிடற அந்த பத்துல ஒருத்தருக்குதான். அவங்க எல்லாருக்கும் கேன்சர் வந்துடாது, ஆனா அந்த வளைய டிஎன்ஏ என்னைக்காவது ஒருநாள் உடைஞ்சு, நம்ம டிஎன்ஏ சுருண்டு இருக்கற குரோமோசோமுக்குள்ள போய் சொருகிக்கற வாய்ப்பு இருக்கு. உடையறப்போ ஈ2ங்கற ஜீன் அடிக்கடி அறுந்து போயிடுது, அந்த ஈ2தான் ஈ6 ஈ7 ரெண்டையும் அளவோட வச்சிருந்தது. அது போனதும் ரெண்டும் கட்டுப்பாடு இல்லாம உற்பத்தி ஆகுது. கவனிங்க, இப்படி உடைஞ்சு சொருகிட்ட வைரஸால புது வைரஸ் உண்டாக்க முடியாது, அடுத்த ஆளுக்குப் போகவும் முடியாது, அதுக்கே அது முட்டுச்சந்து. ஆனா அந்த செல் மட்டும் பிரிஞ்சுகிட்டே இருக்கு, காவல் இல்லாததால ஒவ்வொரு தடவை பிரியறப்பவும் வர்ற காப்பி பிழை திருத்தப்படாம சேர்ந்துகிட்டே போகுது, அப்படி வேண்டிய அளவு பிழை சேர்றதுக்குதான் அந்த 15, 20 வருஷம் ஆகுது. எச்ஐவி மாதிரி ஏதாவது ஒண்ணால எதிர்ப்பு சக்தி குறைஞ்ச பெண்களுக்கு, சிகிச்சை இல்லாட்டி, 5, 10 வருஷத்துலயே ஆயிடலாம்.

வைரஸ் எவ்வளவு தூரம் அந்த கேன்சரைப் பிடிச்சு வச்சிருக்குன்னு தெரியணும்னா ஹீலா செல்லைப் பாருங்க. 1951ல ஹென்ரியெட்டா லாக்ஸ்ங்கற பெண்ணோட கர்ப்பப்பை வாய்க் கட்டியில இருந்து, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்த செல் அது, அவங்க அதே வருஷம் இறந்துட்டாங்க, ஆனா அந்த செல் இன்னிக்கும் உலகம் முழுக்க லேப்ல வளர்ந்துகிட்டு இருக்கு. அதுக்குள்ள இருக்கறது எச்பிவி 18, அதாவது எச்பிவியோட 18ஆம் நம்பர் வகை. இத்தனை பத்தாண்டு கழிச்சும், ஈ2 புரதத்தைத் திரும்ப உள்ள விட்டு ஈ6 ஈ7 ரெண்டையும் அடக்கினா அந்த செல்கள் பெருகறதை நிறுத்திடுது. கட்டி ஆரம்பிக்க மட்டும் வைரஸ் காரணம் இல்ல, அது நிலைச்சு நிக்கறதுக்கும் அதோட தயவு வேணும்னு இதுல இருந்து புரியுது.

எச்பிவின்னு கண்டுபிடிச்ச கதையும் நீளமானது. 1842லயே வெரோனா நகரத்து இறப்புப் பதிவுகளைப் பாத்த ரிகோனி ஸ்டெர்ன்ங்கற இத்தாலிய டாக்டர், கல்யாணம் ஆன பெண்களுக்கு வர்ற இந்த கேன்சர் கன்னியாஸ்திரிகளுக்கு ரொம்ப அரிதா இருக்கேன்னு எழுதி வச்சாரு. எச்பிவி உடலுறவு வழியா பரவறதால வந்த வித்தியாசம் அது. அப்போ வைரஸ்ங்கற வார்த்தைக்கே இன்னிக்கு இருக்கற அர்த்தம் இல்ல. 1970கள்ல கொப்புளம் உண்டாக்கற ஹெர்பீஸ் வைரஸ்தான் காரணம்னு நிறைய பேர் நம்பினாங்க, ஜெர்மனியில ஹரால்ட் ஸுர் ஹௌசன் மட்டும் கட்டிகள்ல தேடித் தேடி ஹெர்பீஸ் கிடைக்கலயேன்னு, மரு உண்டாக்கற பாப்பிலோமா வைரஸ் பக்கம் போனாரு. 1983ல எச்பிவி 16, 1984ல 18. 200க்கு மேல வகை இருக்கற இந்தக் குடும்பத்துல இந்த ரெண்டு மட்டுமே கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். கையில கால்ல வர்ற சாதாரண மரு வேற வகை, அதைப் பாத்து பயப்பட வேண்டாம். ஸுர் ஹௌசனுக்கு 2008ல நோபல். ஆம்பளைங்களுக்கு இதுல சம்பந்தம் இல்லைன்னு நினைக்கறதும் தப்பு, டான்சில்லயும் நாக்கோட அடிப்பகுதியிலயும் வர்ற தொண்டை கேன்சர்ல பெரிய பங்கு எச்பிவி 16தான், அது ஆண்களுக்குதான் அதிகமா வருது.

லிவர் கதை வேற மாதிரி. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் லிவர் செல்லுக்குள்ள உக்காந்துக்குதே தவிர அது நேரா செல்லைக் கொல்றது கம்மி. கொல்றது நம்ம எதிர்ப்பு சக்திதான், வைரஸ் இருக்கற செல்லைத் தேடித் தேடி அடிக்குது. லிவருக்கு ஒரு குணம், அடிபட்டா திரும்ப வளரும். அடி, வளர்ச்சி, அடி, வளர்ச்சின்னு இது முப்பது நாப்பது வருஷம் ஓயாம நடந்தா என்ன ஆகும்? ஒவ்வொரு தடவை செல் பிரியறப்பவும் காப்பி பிழைக்கு ஒரு வாய்ப்பு, அழற்சியில வர்ற ரசாயனங்கள் டிஎன்ஏவை வேற கெடுக்குது, தழும்பு ஏறி ஏறி லிவர் கல்லு மாதிரி ஆயிடுது, அதுதான் சிரோசிஸ். இது போக இந்த வைரஸும் நம்ம குரோமோசோமுக்குள்ள சொருகிக்கும், சில சமயம் செல்லுக்கு சாகா வரம் மாதிரி ஆயுசைக் கூட்டற ஜீன் பக்கத்துல போய் உக்காந்து அதை முடுக்கி விட்டுடும். அதனால ஹெபடைட்டிஸ் பில சிரோசிஸ் வராமலே நேரா கேன்சர் வர்றதும் உண்டு, இது பல பேருக்குத் தெரியறதில்ல, "எனக்கு லிவர் நல்லாதான் இருக்கு"ன்னு செக்கப்பை விட்டுடறாங்க.

எந்த வயசுல தொத்துதுங்கறதுதான் இங்க தலையெழுத்தையே மாத்துது. பெரியவங்களுக்கு வந்தா மஞ்சள் காமாலை மாதிரி ஆகி நூத்துல 95 பேருக்கு மேல உடம்பே விரட்டிடும். பிறக்கறப்போ அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கு வந்தா நிலைமை தலைகீழ், பத்துல ஒன்பது குழந்தைக்கு அது நிரந்தரமா தங்கிடும், ஏன்னா பச்சைக் குழந்தையோட எதிர்ப்பு சக்திக்கு இது எதிரின்னு இன்னும் தெரியல. அதனாலதான் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள முதல் தடுப்பூசின்னு அவ்வளவு அவசரப்படறாங்க. குழந்தை பிறந்த அன்னிக்கே எதுக்கு ஊசின்னு மனசு கஷ்டப்படற பெத்தவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு இந்த ஒரு காரணத்தை யாராவது பொறுமையா எடுத்துச் சொன்னா போதும்.

இதுக்கு ஆதாரம் வந்த விதமும் எனக்கு மறக்க முடியாதது. தைவான்ல பால்மர் பீஸ்லியும் அவரோட குழுவும் 22,707 ஆண்களோட ரத்தத்தை சோதிச்சு, யாருக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு யாருக்கு இல்லன்னு குறிச்சு வச்சுட்டு வருஷக்கணக்குல காத்திருந்தாங்க. 1981ல முதல் கணக்கை வெளியிட்டப்போ லிவர் கேன்சர் வந்திருந்தது 41 பேருக்கு. அதுல 40 பேர் ஆரம்பத்துலயே வைரஸ் இருந்தவங்க. வைரஸ் இருந்தவங்க மொத்தத்துல ஆறுல ஒரு பங்கு கூட கிடையாது, ஆனா ஆபத்து மத்தவங்களை விட 223 மடங்கு. சிகரெட்டுக்கும் நுரையீரல் கேன்சருக்கும் உள்ள தொடர்பு கூட இவ்வளவு பெரிய எண்ணா வராது. அதே தைவான் 1984ல பிறக்கற குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஆரம்பிச்சது, அப்புறம் 6லேர்ந்து 14 வயசு குழந்தைங்களுக்கு வர்ற லிவர் கேன்சர் லட்சத்துக்கு 0.70ல இருந்து 0.36க்கு இறங்கிச்சு. ஒரு ஊசி போட்டு கேன்சர் குறைஞ்சதை மனுஷங்க முதல் முதலா கண்ணால பாத்தது அங்கதான்.

ஹெபடைட்டிஸ் சி இதுல கொஞ்சம் நேர்வழி. அது ஆர்என்ஏ வைரஸ், நம்ம டிஎன்ஏவுக்குள்ள சொருகவே சொருகாது, முழுக்க அழற்சி, தழும்பு, சிரோசிஸ், கேன்சர்ங்கற பாதையிலதான் போகும். இதுக்கு தடுப்பூசி இல்ல, ஆனா 8லேர்ந்து 12 வாரம் மாத்திரை சாப்பிட்டா 95 சதவீதத்துக்கு மேல குணமாயிடுது. ஒரே விஷயம், சிரோசிஸ் வந்த பிறகு குணமானவங்க "வைரஸ் போயிடுச்சு"ன்னு நிம்மதியா ஸ்கேனை நிறுத்திடக் கூடாது, தழும்பு அங்கயேதான் இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் தொடரணும்.

எப்ஸ்டீன் பார் வைரஸ் இருக்கே, அது ஆச்சரியமானது, ஏன்னா உலகத்துல பெரியவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல எல்லார் உடம்புலயும் இருக்கு, இதைப் படிக்கற உங்ககிட்டயும் எழுதற என்கிட்டயும் அனேகமா இருக்கும். உகாண்டாவுல வேலை பாத்த டெனிஸ் பர்கிட்ங்கற சர்ஜன் குழந்தைங்களோட தாடையில வர்ற விகாரமான கட்டியைப் பத்தி 1958ல எழுதினாரு. மழையும் வெப்பமும் அதிகமா உள்ள பகுதியில மட்டும் வருதுன்னு வேற கவனிச்சாரு. 1961ல லண்டன்ல அவர் பேசினதைக் கேட்ட அந்தோணி எப்ஸ்டீனுக்கு இது வைரஸாதான் இருக்கணும்னு தோணிடுச்சு, உகாண்டாவுல இருந்து கட்டித் துண்டுகளை விமானத்துல வரவழைச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல தேடினாரு, ஒண்ணும் கிடைக்கல. 1963 டிசம்பர்ல ஒரு நாள் லண்டன்ல கடும் பனிமூட்டம், விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பி விட்டுட்டாங்க, துண்டு லேபுக்கு வந்து சேர்றதுக்குள்ள சாயங்காலமே ஆயிடுச்சு. பாட்டில்ல இருந்த திரவம் கலங்கிப் போயிருந்துச்சு. கலங்கினா பாக்டீரியா வந்து கெட்டுப் போச்சுன்னு கொட்டிடறதுதான் வழக்கம், ஆனா அவரு ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தாரு. பாக்டீரியா இல்ல. கட்டியில இருந்து உதிர்ந்த செல்கள் உயிரோட தனித்தனியா மிதந்துகிட்டு இருந்துச்சு. அதுவரைக்கும் துண்டாவே வச்சு வளர்க்கப் பாத்து தோத்துப் போனவங்களுக்கு, இப்படி மிதக்க விட்டு வளர்க்கலாம்னு வழி தெரிஞ்சது. ஈவோன் பார் அந்த செல்களை வளர்த்தாங்க, பெர்ட் அசாங் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேலையில கூட இருந்தாரு, 1964 ஆரம்பத்துல அந்த செல்லுக்குள்ள ஹெர்பீஸ் மாதிரி ஒரு வைரஸைப் பாத்துட்டாங்க.

எல்லார்கிட்டயும் இருக்கற வைரஸ் சிலருக்கு மட்டும் ஏன் கேன்சர் ஆகுதுங்கற கேள்விக்கு இந்தக் கட்டியே பதில் சொல்லுது. வைரஸ் மட்டும் போதாது. மலேரியா அடிக்கடி வர்ற இடத்துல குழந்தைங்களோட எதிர்ப்பு சக்தி ஒரு பக்கம் களைச்சுப் போகுது, இன்னொரு பக்கம் பி செல்னு சொல்ற வெள்ளை அணுக்கள் ஓயாம பெருகுது, எப்ஸ்டீன் பார் வைரஸ் தங்கறதே அந்த பி செல்லுலதான், பெருகற அவசரத்துல குரோமோசோம் உடைஞ்சு இடம் மாறி ஒட்டி 'மிக்'ங்கற வளர்ச்சி ஜீன் தப்பான இடத்துல போய் சேர்ந்துடுது, சாதாரணமா அந்த செல் செத்துடும், வைரஸ் அதை சாகாம காப்பாத்தி வைக்குது. பர்கிட் கவனிச்ச மழையும் வெப்பமும் கொசுவோட எல்லையா இருந்திருக்கு. இதே வைரஸ் தென் சீனாவுல மூக்குக்குப் பின்னாடி வர்ற கேன்சர்லயும், ஹாட்ஜ்கின் லிம்போமாங்கற நிணநீர் கேன்சர்ல ஒரு பகுதியிலயும், வயித்து கேன்சர்ல சுமார் பத்துல ஒண்ணுலயும் இருக்கு.

எச்ஐவி பத்தி தனியா சொல்லணும். அது கேன்சர் செல்லுக்குள்ள போய் உக்காந்து எதுவும் பண்றதில்ல, காவலுக்கு இருக்கற படையையே குறைச்சுடுது, அதுவரைக்கும் அடங்கிக் கிடந்த மத்த வைரஸ்கள் தலை தூக்குது. 1981ல அமெரிக்காவுல இளவயசு ஆண்களுக்கு கபோசி சார்கோமாங்கற அரிதான கேன்சர் கூட்டமா வந்ததுதான் எய்ட்ஸோட முதல் அடையாளங்கள்ல ஒண்ணு, அதுக்குக் காரணமான ஹெர்பீஸ் வகை வைரஸை 1994ல யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி கண்டுபிடிச்சாங்க. கிட்னி மாத்தினவங்களுக்கும் இதே கதை நடக்கும், உறுப்பை உடம்பு ஏத்துக்கறதுக்காக குடுக்கற மருந்து எதிர்ப்பு சக்தியை அடக்கறப்போ எப்ஸ்டீன் பார் வைரஸால லிம்போமா வர்றதுண்டு, அந்த மருந்தைக் குறைச்சாலே சிலருக்கு கட்டி சுருங்கிடுது. நம்ம உடம்பு தினமும் நமக்குத் தெரியாம எவ்வளவு வேலை பாக்குதுன்னு இதைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சது.

மிச்சம் ரெண்டு. எச்டிஎல்வி 1ங்கற வைரஸ், பெரும்பாலும் தாய்ப்பால் வழியா குழந்தைக்குப் போய் பல பத்தாண்டு கழிச்சு நூத்துல சுமார் அஞ்சு பேருக்கு ரத்தப் புற்றுநோயா வர்றது, ஜப்பானோட தென்மேற்குப் பகுதியில அதிகம். இன்னொண்ணு மெர்கெல் செல் பாலியோமா வைரஸ், தோல்ல வர்ற ஒரு அரிய கேன்சருக்குக் காரணம், 2008ல இதையும் கண்டுபிடிச்சது அதே சாங், மூர் குழுதான். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. கட்டிக்குள்ள வைரஸ் இருந்தா மட்டும் அதுதான் காரணம்னு சொல்லிட முடியாது, கட்டி வந்த பிறகு உள்ள புகுந்த வழிப்போக்கனா கூட இருக்கலாம்ல? ஆனா அந்தக் கட்டியோட எல்லா செல்லுலயும், பரவின இடத்துல இருக்கற செல்லுலயும் கூட, வைரஸ் குரோமோசோம்ல அதே ஒரே இடத்துல சொருகி இருந்துச்சு. அப்போ முதல் செல் கட்டியா மாறறதுக்கு முன்னாடியே வைரஸ் அதுக்குள்ள இருந்திருக்குன்னுதானே அர்த்தம்.

இப்போ இதெல்லாம் தெரிஞ்சவங்க கூட தடுமாறற ஒரு இடத்தைச் சொல்லணும். எச்பிவி டெஸ்ட் பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்த பெண்கள் ரெண்டு விதமா உடைஞ்சு போறாங்க. ஒண்ணு, எனக்கு கேன்சர் வந்துடுச்சுன்னு. அது கேன்சர் ரிப்போர்ட் கிடையாது, கூர்ந்து பாக்க வேண்டிய ஆளுன்னு ஒரு அடையாளம் மட்டும்தான், அடுத்து கர்ப்பப்பை வாயைப் பரிசோதிச்சு மாற்றம் இருந்தா அந்த இடத்தை மட்டும் எடுத்துடலாம், கேன்சராகவே விடாம. ரெண்டாவது, யார்கிட்ட இருந்து வந்துச்சுங்கற சந்தேகம், வீட்டுல சண்டை, அழுகை. இந்த வைரஸ் வருஷக்கணக்குல தடயமே இல்லாம தூங்கிட்டு திடீர்னு டெஸ்ட்ல தெரியக் கூடியது, பத்து வருஷம் முன்னாடி வந்ததா போன வருஷம் வந்ததான்னு எந்த லேபாலயும் சொல்ல முடியாது. தாம்பத்ய வாழ்க்கை உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில என்னைக்காவது ஒருநாள் வந்து போற தொற்று இது. தயவு செஞ்சு இதை வச்சு யாரோட நடத்தையையும் எடை போடாதீங்க. ஹெபடைட்டிஸ் பி இருக்கறவங்களோட தட்டு, டம்ளரைத் தனியா வைக்கறதும் இதே மாதிரி கொடுமைதான், ரத்தம், உடலுறவு, பிரசவம் இதுங்க வழியா பரவற வைரஸ் சேர்ந்து சாப்பிடறதால பரவாது.

தடுப்பூசியை ஏன் 9லேர்ந்து 14 வயசுலயே போடணும்ங்கறதுக்கும் மேல சொன்னதுலயே பதில் இருக்கு. எச்பிவி ஊசியில வைரஸோட வெளி ஓடு மட்டும்தான் இருக்கு, எல்1னு ஒரே புரதம் தானா கோத்துக்கிட்டு பந்து மாதிரி நிக்கும், உள்ள டிஎன்ஏ கிடையாது, அதனால அதுல இருந்து தொற்றே வர முடியாது. அந்த ஓட்டைப் பாத்து உடம்பு ஆன்டிபாடி தயார் பண்ணி வச்சுக்குது, நிஜ வைரஸ் வந்தா செல்லுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே மடக்கிடுது. ஆனா ஏற்கெனவே அடி அடுக்குல குடியேறிட்ட வைரஸ் அந்த ஓட்டை அங்க தயாரிக்கறதே இல்ல, மேல் அடுக்குக்குப் போனாதான் தயாரிக்கும், அதனால ஊசியால அதை அடையாளம் காண முடியாது. வந்த பிறகு போட்டா வந்ததைப் போக்காதுங்கறது இதனாலதான். 2022லேர்ந்து ஒரே டோஸ் கூட போதும்னு உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கிட்டது நல்ல விஷயம், ரெண்டாவது டோஸுக்கு வராம விட்டுப் போற பிள்ளைங்க அவ்வளவு பேர். ஊசி போட்டுக்காத தலைமுறைக்கு 30 வயசுலேர்ந்து எச்பிவி டெஸ்ட், 5லேர்ந்து 10 வருஷத்துக்கு ஒரு தடவை. போட்டுக்கிட்டவங்களுக்கும் ஸ்கிரீனிங் உண்டு, எல்லா வகையையும் ஊசி தடுக்கறதில்ல.

இந்த ஊசி 2006லதான் வந்துச்சு, கேன்சர் வர 15, 20 வருஷம் ஆகும்னா பலன் இப்போதான் தெரிய ஆரம்பிக்கும். தெரிய ஆரம்பிச்சுடுச்சு. இங்கிலாந்துல 12, 13 வயசுல போட்டுக்கிட்டவங்களுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர் 87 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு 2021ல கணக்கு வந்துச்சு. 2024 ஜனவரியில ஸ்காட்லாந்து கணக்கு வெளியாச்சு. 1988லேர்ந்து 1996க்குள்ள பிறந்த பெண்கள் எல்லாரோட பதிவையும் எடுத்துப் பாத்திருக்காங்க, அதுல 12, 13 வயசுலயே ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல ஊடுருவிப் பரவற கர்ப்பப்பை வாய் கேன்சர் வந்தவங்க எத்தனை பேர்னு தேடினா, ஒருத்தர் கூட இல்ல.